ஊசிக்கு எதிரணியில் பக்கிரி

பக்கிரி எந்த அணிக்கும் பேசுவான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பட்டிமன்றப் பேச்சாளனுக்கு இதைவிடப் பெரிய தகுதி கிடையாது. மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் 'பெற்றோரைக் கடைசிவரை காப்பது மகளே' என்று பேசி, பாதியில் தொண்டையை அடைக்கவிட்டு, தோள் துண்டால் கண்ணைத் துடைத்தான். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அடுத்த மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் 'மகனே' என்று பேசினான். அதே இடத்தில் தொண்டை அடைத்தது, அதே துண்டு வந்தது, அங்கேயும் உறிஞ்சினார்கள். அவனுக்கு மகனும் கிடையாது, மகளும் கிடையாது.

நான் குருமூர்த்தி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் நடுவர். எங்கள் குழுவுக்குப் பெரிய பெயரெல்லாம் இல்லை. டிவியில் வருகிறவர்களைக் கூப்பிட வசதியில்லாத கோயில் கமிட்டிகள் எங்களைக் கூப்பிடும். பக்கிரி, இன்சூரன்ஸ் ஏஜெண்டு கனகா, இன்னும் சிலர், எல்லோருமாக ஒரு வாடகை வேனில் போவோம். யார் எந்த அணி என்பது வேனில்தான் முடிவாகும். நான் தீக்குச்சிகளை எடுத்துப் பாதிக் குச்சிகளின் தலையைக் கிள்ளிவிட்டு, கைக்குள் மறைத்து நீட்டுவேன். தலையுள்ள குச்சி வந்தால் ஆதரவு, தலையில்லாதது வந்தால் எதிர்ப்பு. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் ஒரு கொள்கை வந்துவிடும்.

என் தீர்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம். என் மேடையில் எந்த அணியும் தோற்றதில்லை. மகளா மகனா என்றால் இருவரும் இரண்டு கண்கள். கிராமமா நகரமா என்றால் அவையும் இரண்டு கண்கள். கமிட்டிக்காரர்களுக்கு இது பிடிக்கும், ஊரில் அடிதடி வராது, நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வேன் ஏறலாம். ஒருமுறை எங்கள் பேச்சாளர் ஒருவர், ஜெயித்தது தன் அணி மட்டும்தான் என்று இலையில் உட்கார்ந்தபடி என்னோடு வம்புக்கு வந்தார். பக்கிரிக்கு வந்ததே கோபம். "நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படாதவன் என்கூட வண்டியில வரக்கூடாது" என்று பஸ் வராத ரோட்டில் அந்த மனிதரை இறக்கிவிட்டான். தீர்ப்பு என்றால் பக்கிரிக்குச் சாமி மாதிரி.

பகலில் அவன் செராமிக் எஸ்டேட்டில் மோல்டுக்குள் மண்கூழ் ஊற்றுகிறவன். கொலு பொம்மை, அகல் விளக்கு, டீக்கப், எது ஆர்டரோ அது. ஊற்றிய கூழ் மோல்டுக்குள் இறுகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரம் பூராவும் பேசிப் பழகுவான். எதிரே வரிசையாகக் காயும் பொம்மைகள்தான் சபை. அவன் மனைவி அம்சவல்லி அதே யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அவள் ஒரு பட்டிமன்றத்துக்கும் வந்ததில்லை. கூப்பிட்டால், "வேலையிலயும் கேக்கறேன், வூட்டுலயும் கேக்கறேன், காசு செலவு பண்ணி பஸ்ஸு ஏறி வேற கேக்கணுமா?" என்பாள். பக்கிரிக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையில் அடங்காமல் சில வருடங்களாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். ஊரில் பாதிப் பேருக்கு உள்ளதுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில்தான் வினை ஆரம்பித்தது. மரபணு திருத்திய நெல் வரப்போகிறது, வரலாமா கூடாதா என்று டிவியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த சமயம். கமிட்டித் தலைவர் தலைப்பை அவரே கொடுத்துவிட்டார்: 'மரபணு மாற்றுப் பயிர், உழவருக்கு வரமா, சாபமா?' வேனில் குச்சியை நீட்டினேன். கனகாவுக்குத் தலை வந்தது. பக்கிரிக்குத் தலையில்லாதது வந்தது.

கனகா நன்றாகவே பேசினாள். பருத்திக்குப் புழு மருந்து அடித்து வயலிலேயே மயங்கி விழுந்தவர்கள் இந்தச் சபையில் இல்லையா, மருந்து குறைந்தால் உங்களுக்கு நல்லதுதானே என்று கேட்டாள். அந்த ஊரில் பருத்தி போட்டவர்கள் எல்லோருமே போட்டிருந்தது மரபணு மாற்றிய பருத்திதான். தலையாட்டினார்கள். ஆனால் கைதட்டவில்லை.

பக்கிரி எழுந்தான். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய்விடுமோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிற ஊர் அது. அங்கே போய், "நிலத்தைக் கேட்டான், இனி விதையையும் கேட்கிறான். அவன் விற்கிற விதையைத்தான் ஒவ்வொரு வருடமும் நீ வாங்க வேண்டும். உன்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று ஒருவன் முழங்கினால் என்ன ஆகும்? பந்தல் அதிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் இருக்கிறதே, அது ஆளை நிறுத்தவிடாது. மேடையிலிருந்து குதித்து இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டான். "என் வயலுக்குள் மட்டுமல்ல, என் உடம்புக்குள்ளும் மரபணு மாற்றிய எதையும் நுழைய விடமாட்டேன்! இது இந்த மண்ணின் மேல் ஆணை!" என்றான். அவனுக்கு வயலும் கிடையாது.

அன்று என் இரண்டு கண்கள் தீர்ப்பை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு பெரியவர் ஒரு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா அரிசியைத் தூக்கிவந்து பக்கிரியின் காலடியில் வைத்தார். ஒரு விவசாயி மறுநாளே விதைக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டதாகச் செய்தி வந்தது. அந்தப் பேச்சின் வீடியோ போனுக்குப் போன் பறந்தது. பக்கிரி தன் வீடியோவைத் தானே பார்த்தான், திரும்பத் திரும்பப் பார்த்தான். இத்தனை வருடம் ஊரை நம்பவைத்தவன் கடைசியில் தானும் நம்பிவிட்டான்.

வீடியோவுக்குக் கீழே ஆயிரம் பாராட்டு. நடுவில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், துபாயில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவராம், மரியாதையாக எழுதியிருந்தார்: 'பக்கிரி அண்ணன் பேச்சு சூப்பர். ஒரு சின்ன சந்தேகம். அண்ணனுக்கு சுகர் உண்டா? ஊசி போடுறீங்களா? இப்ப வர்ற இன்சுலினே மரபணு மாத்துன நுண்ணுயிர்லதான் செய்யிறாங்க. தப்பா நினைக்காதீங்க.' கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

போனை எடுத்துக்கொண்டு பக்கிரி நேராக என் கடைக்கு வந்தான். கடையில்கூட என்னை நடுவரே என்றுதான் கூப்பிடுவான்.

"நடுவரே, இது நெசமா?"

பக்கத்து மெடிக்கலில் கேட்டேன். ஆமாம், அப்படித்தான் என்றார்கள். நான் சிரித்தேன். அது தப்பாகப் போயிற்று.

"யோவ், மேடை வேற, ஒடம்பு வேற. போயி வேலையப் பாரு."

"இல்ல நடுவரே. இத்தினி வருசமா நான் சொன்னத ஒரு ஆளு செஞ்சதில்ல. நானே செஞ்சதில்ல. இந்தத் தடவை ஒருத்தரு என் பேச்சைக் கேட்டு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிருக்காரு. நான் மட்டும் வூட்டுல ஒக்காந்து ஊசி குத்திக்கிட்டு இருந்தா நான் என்ன மனுசன்?"

வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜிலிருந்த இன்சுலினை எடுத்துக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். மேலே ஒரு கல்லையும் வைத்தான். பால் தெளிக்காததுதான் பாக்கி.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. பாகற்காய்ச் சாறு குடித்தான். அது கசக்கிறது என்று சம்பா அரிசிச் சோற்றை மலையாகக் குவித்துச் சாப்பிட்டான். நாட்டு அரிசி எவ்வளவு தின்றாலும் சர்க்கரை ஏறாது என்று எவனோ சொன்னானாம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். பேச்சின் நடுவே கண் மங்கலாகத் தெரிந்தால், மக்களின் அறியாமை இருள் என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டான். கொஞ்ச நாள் நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அப்புறம் யூனிட்டில் உடைந்த கப்பின் சில்லு ஒன்று செருப்பைத் தாண்டிக் கால் விரலில் கிழித்தது. எஸ்டேட்டில் எல்லோர் காலிலும் கிழிக்கிற சில்லுதான். மற்றவர்களுக்கு ஆறிவிடும். இவனுக்கு ஆறவில்லை.

ஆயுத பூசைக்குச் சில நாள் முன்னால் அம்சவல்லி என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க ஆளு காலை இழக்கப் போறாரு."

"என்னம்மா சொல்றே? டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினேங்க. சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குது, ஊசிய ஒடனே தொடங்கலேன்னா மொதல்ல வெரலு, அப்புறம் காலுன்னு அந்த டாக்டரம்மா சொல்றாங்க. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'எதிரணியில் பேசிய சகோதரி அவர்கள்'னு ஆரம்பிச்சிட்டாரு. அந்தம்மா எந்திரிச்சி வெளிய போயிட்டாங்க."

"நீ சண்டை போட வேண்டியதுதானே?"

"போட்டேன். சோறாக்காம இருந்தேன். ஓட்டல்ல தின்னுட்டு வந்தாரு. பேசாம இருந்து பாத்தேன். அது அவருக்கு வசதியாப் போச்சு, அவரே பேசிக்கறாரு."

"தூங்கும்போது போட்டுவுட்டுடேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது திருட்டுண்ணே. ஒடம்பு அவருது."

அவள் கவுண்டரில் கையூன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அவரு எனக்கோ டாக்டருக்கோ கட்டுப்பட மாட்டாரு. மேடையில சொன்ன சொல்ல மேடையிலதான் திரும்ப வாங்கணும். ஆயுத பூசைக்கு எஸ்டேட்டுல பட்டிமன்றம் இருக்குது இல்ல? இதே தலைப்பை வைங்க. அவருக்கு எதிரா நான் பேசறேன். நீங்க தீர்ப்ப எனக்குக் குடுங்க."

"நீ எப்படிப் பேசறியோ அதப் பாத்துத்தானேம்மா..."

"ஒரு தடவையாச்சும் தீர்ப்பு சொல்லியிருக்கீங்களா அண்ணே? ரெண்டு கண்ணு ரெண்டு கண்ணுன்னே இத்தினி வருசம் ஓட்டிட்டீங்க. எனக்கு அவரு ஒருத்தர்தான்."

சுருக்கென்று தைத்தது. என் கடையில் என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பழக்கதோஷம். ஆனால் தலைப்பை மட்டும் கமிட்டிக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆயுத பூசை அன்று எஸ்டேட் பார்க்க அழகாயிருக்கும். கொலு ஆர்டரெல்லாம் முடிந்து யூனிட்டுகள் கழுவிவிடப்பட்டிருக்கும். மோல்டுகளுக்குச் சந்தனம், குங்குமம். சூளை வாசலில் வாழைக்கன்று. எல்லோர் கையிலும் பொரியும் சுண்டலும். சாயங்காலம் மேடை போட்டார்கள். பக்கிரி காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்தான். வழக்கம்போலத் தீக்குச்சியை எடுத்தேன். அவன் என் கையைத் தள்ளினான்.

"குச்சி வேணாம் நடுவரே. இந்தத் தடவை நான் கூடாதுங்கற அணி."

இத்தனை வருடத்தில் அவன் தானாக ஒரு அணியைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்குத்தான். எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். குனிந்து அவன் காலைப் பார்த்தேன். கட்டைத் தாண்டி நீர் கசிந்திருந்தது.

மைக்கைப் பிடித்து அறிவித்தேன். "தலைப்பு: மரபணுத் தொழில்நுட்பம், ஏற்கலாமா, கூடாதா? இன்று ஒரு புது விதி. தோற்ற அணியின் தலைவர், வென்ற அணி சொல்வதைத் தன் வாழ்க்கையில் இன்றே செய்து காட்ட வேண்டும். பக்கிரி, சம்மதமா?"

கூட்டம் ஓவென்று கத்தியது. கூட்டம் கத்தினால் பக்கிரி கிணற்றில்கூடக் குதிப்பான். "சம்மதம்! தோற்றால் இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இங்கேயே ஊசி போட்டுக்கொள்கிறேன்!" என்றான். தோற்க மாட்டோம் என்ற தைரியம். என் மேடையில் யாரும் தோற்றதில்லையே.

ஏற்கலாம் என்ற அணிக்குக் கனகாதான் தலைவி. அவளுக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. கட்டிய தொண்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக அம்சவல்லி பேசுவாள் என்றேன். பக்கிரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

அம்சவல்லி மைக்கை ஏதோ சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பேச வராதுங்க. நெல்ல மாத்தாதீங்க, வெதைய மாத்தறதுன்னா எங்களக் கேட்டுட்டு மாத்துங்கன்னு இவரு சொல்றது எனக்கும் சரின்னுதான் படுது" என்று ஆரம்பித்தாள். போச்சுடா, எடுத்த எடுப்பிலேயே எதிரணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டாளே என்று எனக்கு வியர்த்தது.

"ஊசிக்கு மட்டும் ஒருத்தரு பேசினத நான் திருப்பிச் சொல்றேன்" என்றவள், முந்தானையை எடுத்து ஆண்கள் துண்டு போடுவதுபோலத் தோளில் போட்டாள். நெஞ்சை நிமிர்த்தினாள். வலது கையை உயர்த்தினாள். அதற்குள்ளேயே யூனிட்டுப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"நடுவர் அவர்களே! ஒரு காலத்தில் மாட்டையும் பன்றியையும் அறுத்து, அதன் கணையத்திலிருந்து எடுத்த மருந்தை மனிதனுக்கு ஏற்றினார்கள். இன்று கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருக்கு மனிதனின் மரபணுவைக் கொடுத்து, அதனிடம் கைகட்டி வேலை வாங்குகிறான் விஞ்ஞானி! இந்த ஊசி இல்லையென்றால் எத்தனை தாலி அறுந்திருக்கும்! எண்ணிப் பார்த்தாரா எதிரணி நண்பர்?"

பக்கிரியின் பேச்சுதான் அது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் இதே போன்ற தலைப்புக்கு அவனுக்குத் தலையுள்ள குச்சி வந்தபோது பேசியது. நான் மறந்துவிட்டேன், அவனும் மறந்துவிட்டான். பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டே கேட்டவளுக்கு எழுத்து விடாமல் மனப்பாடம். அவன் எங்கே மூச்சு வாங்குவானோ அங்கே மூச்சு வாங்கினாள். எங்கே தொண்டை அடைக்குமோ அங்கே அடைத்தது. துண்டுக்குப் பதில் முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது கூட்டம் நாற்காலியைத் தட்டிச் சிரித்தது. துடைத்து முடித்த பிறகும் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முடிந்தது கதை, இவனையே இவனுக்கு எதிராக நிறுத்திவிட்டாளே என்று நான் நினைத்தேன். பக்கிரியைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

அவன் எழுந்தான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கமான முழக்கம் இல்லை.

"அன்னைக்குப் பேசினது தீக்குச்சிங்க" என்றான். "இன்னைக்குத்தான் பக்கிரி பேசறான்."

கூட்டம் அடங்கியது.

"நான் ஊருக்கு ஊரு போயி எது வேணும்னாலும் பேசியிருக்கேன். கேட்டவங்களும் கைதட்டிட்டு மறந்துட்டாங்க. என் பேச்சுக்கு எடை இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு ஊருல மட்டும் ஒரு மனுசன் நம்பிட்டாரு. வெதைய எங்கிருந்து கொண்டுவர்றே, உள்ள என்னத்த வச்சிருக்கே, வெளிய எழுதி ஒட்டுன்னு கேட்டாரு. அது நியாயமான கேள்விங்க. அந்தக் கேள்வியக் கெளப்புனவன் நானு. நான் மண்ணத் தொட்டுச் சொன்னத மாத்திட்டா, அந்த மனுசன் மூஞ்சில எப்புடி முழிப்பேன்? ஊசி நல்லதா கெட்டதாங்கறது வேற. பேசினவன் பேச்சுக்கு நிக்கணுமா வேணாமா? அதச் சொல்லுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். சிரித்துக்கொண்டிருந்த யூனிட்டுப் பெண்களே எழுந்து கைதட்டினார்கள். கனகா சுண்டல் கையோடு கைதட்டினாள். என் கையும் தட்டப் போனது, நடுவர் என்பதால் அடக்கிக்கொண்டேன். அவன் வாழ்நாளில் பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சு. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

மைக் என் முன்னால் வந்தது.

என் பழைய தீர்ப்பு உண்மையிலேயே பொருந்துகிற தலைப்பு அன்றைக்குத்தான் அமைந்தது. விதைக்குள் என்ன செய்கிறார்கள் என்று சந்தேகப்படலாம், கேள்வி கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்காக உயிரைப் பிடித்துவைத்திருக்கிற மருந்தைப் புதைக்க வேண்டியதில்லை. வயல் வேறு, ஊசி வேறு. இரண்டும் இரண்டு கண்கள் என்று வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் ஊர் கைதட்டும், நியாயமும் அதுதான். ஆனால் பக்கிரி பாதி ஜெயித்தவனாக வீட்டுக்குப் போவான். பாதி ஜெயித்தவன் ஊசி போட்டுக்கொள்ள மாட்டான்.

அம்சவல்லி மேடை ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. இந்த ஆள் என்ன செய்வான் என்று தெரியும் என்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏற்கலாம் என்ற அணி வென்றது" என்றேன். "கூடாது என்ற அணி தோற்றது. இதுவே என் தீர்ப்பு."

காரணம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் காரணமும் இல்லை. ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கூச்சல் கிளம்பியது. "எவ்வளவு வாங்கின?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு பிடி பொரி என் முகத்தில் வந்து விழுந்தது. கமிட்டித் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வருடத்துக்கு எஸ்டேட் வேறு நடுவரைப் பார்த்துக்கொண்டது என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

பக்கிரி மைக்கிடம் நடந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. என்னைத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இரண்டு கையையும் கூப்பினான்.

"நடுவர் தீர்ப்புக்குத் தலை வணங்குகிறேன். யாரும் கூச்சல் போட வேண்டாம்."

மேடைக்குப் பின்னால், கழித்துப்போட்ட கப்புகள் குவிந்து கிடக்கிற இடத்தில், ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். அம்சவல்லி ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே ஐஸ் தண்ணீரில் ஒரு பாலிதீன் பை, பைக்குள் புது இன்சுலின். டாக்டரம்மாவிடம் அளவைக் கேட்டுவைத்திருந்தாள். பக்கிரி சட்டையைத் தூக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நடுவரே. மேடை முடிஞ்சுபோச்சு. இப்ப சொல்லுங்க. யாரு நல்லாப் பேசினது?"

"நீதான்யா" என்றேன்.

"அப்போ தீர்ப்பு?"

"தப்பு. தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன்."

அவன் என் சட்டையில் ஒட்டியிருந்த பொரியையே பார்த்தான். பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒரு தரம் ஜெயித்துவிட்டவனின் சிரிப்பு. இவனுக்குக் கால் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தோன்றியது, தோன்றியதும் பயமாயிருந்தது.

அவனே சட்டையைத் தூக்கிக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினான்.

"கேட்டுக்கிட்டியா? ஜெயிச்சது நானு."

"ஆமாங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள் அம்சவல்லி. சொல்லிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே குத்தினாள். அவள் ஊசியை வெளியே எடுக்கும்வரை பக்கிரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.